எவர்சில்வர் பெட்டிகள்: ஒரு டோம் ரயில் நின்றது, இன்னொன்று இன்றும் ஓடுவது எப்படி?

1970 மார்ச் 22. அமெரிக்காவில் கலிபோர்னியா ஸெஃபிர் என்ற ரயிலின் கடைசி நாள். சிகாகோவுக்கும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கரையிலுள்ள ஓக்லாண்டுக்கும் இடையே சுமார் 4,000 கிலோமீட்டரை 21 வருடம் தினமும் கடந்துகொண்டிருந்த வண்டி அது. ஒவ்வொரு வண்டியிலும் கூரைக்கு மேலே கண்ணாடிக் கூண்டு வைத்த பெட்டிகள் ஐந்து இருந்தன. டோம் பெட்டி என்று அவற்றைச் சொல்வார்கள்.

அந்தப் பெட்டிகளைச் செய்தது பிலடெல்பியாவின் பட் கம்பெனி. அதே கம்பெனி, அதே எவர்சில்வர் உலோகத்தில், சில வருடம் கழித்துக் கனடாவின் கனேடியன் பசிபிக் ரயில்வேக்கும் ஒரு தொகுதி பெட்டிகளைச் செய்துகொடுத்தது. 1955 ஏப்ரல் 24 அன்று 'கனேடியன்' என்ற பெயரில் அவை ஓடத் தொடங்கின. அந்தப் பெட்டிகளில் இன்றும் பயணிகள் டொராண்டோவில் ஏறி வான்கூவரில் இறங்குகிறார்கள்.

இரண்டும் மலைக்காட்சிக்காகவே பிறந்தவை. விமானமும் நெடுஞ்சாலையும் இரண்டையும் ஒரே மாதிரிதான் அடித்தன. பிறகு ஏன் ஒன்று சிதறிப்போனது, மற்றது தப்பியது? டோம் பெட்டிகளைப் பற்றிப் பேசும்போது "அந்தக் காலம் போய்விட்டது" என்று பெருமூச்சு விட்டு முடித்துவிடுகிறோம். அந்தப் பெருமூச்சில் காரணம் தெரிவதில்லை. காரணங்கள் தெளிவாகவே இருக்கின்றன: உலோகம், கண்ணாடி, நீராவிக் குழாய், காலியாக விட்ட இருக்கைகளின் கணக்கு.

என்ஜின் அறையில் கிடைத்த யோசனை

1944 ஜூலை 4. ஜெனரல் மோட்டார்ஸின் ரயில் என்ஜின் பிரிவுக்குத் தலைவராக இருந்த சைரஸ் ஆஸ்போர்ன், கொலராடோ மாநிலத்தின் கிளென்வுட் பள்ளத்தாக்கு வழியாக ஒரு டீசல் என்ஜினின் டிரைவர் அறையில் உட்கார்ந்து போனார். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர், கீழே கொலராடோ ஆறு, முன்னால் வளைந்து வளைந்து வரும் தண்டவாளம். பின்னால் பெட்டியில் காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பக்கவாட்டில் ஒரு துண்டுப் பாறைதான் தெரியும், உச்சியே தெரியாது. டிரைவருக்குக் கிடைக்கும் இந்தக் காட்சியைப் பயணிக்கும் கொடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. சால்ட் லேக் சிட்டி போய்ச் சேர்ந்ததும் ஓட்டல் அறையில் உட்கார்ந்து அதை வரைந்தார் என்பார்கள்.

யோசனை முற்றிலும் புதியது என்று சொல்ல முடியாது. அமெரிக்கச் சரக்கு ரயில்களின் கார்டு பெட்டிக் கூரையில் வண்டியைக் கண்காணிக்க ஒரு சின்னக் கூண்டு வெகுகாலமாகவே உண்டு. 1891-லேயே கனடாவின் வின்னிபெக்கைச் சேர்ந்த மெக்பிரைட் என்பவர் இதுபோன்ற பயணிகள் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் ஆஸ்போர்னின் காலத்தில்தான் குளிர்சாதனமும் வெப்பத்தை ஓரளவு தடுக்கும் இரட்டைக் கண்ணாடியும் கைக்கு வந்திருந்தன. அவை இல்லாமல் வெயிலில் அந்தக் கூண்டுக்குள் உட்கார முடியாது.

முதலில் செயலில் இறங்கியது பர்லிங்டன் ரயில்வே. இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஆரோரா பணிமனையில், 'சில்வர் ஆல்கெமி' என்ற பழைய பெட்டியின் கூரையை வெட்டி, தட்டையான கண்ணாடிகளால் ஒரு கூண்டு கட்டி, 1945-ல் 'சில்வர் டோம்' என்று பெயர் மாற்றி வெளியே விட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த வணிகப் பெயர் 'விஸ்டா டோம்'. அந்தப் பெயர் பின்னால் எங்கெல்லாம் போனது என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1947-ல் 'நாளைய ரயில்' என்ற பெயரில் நான்கு பெட்டிகள் கொண்ட காட்சி வண்டியை ஊர் ஊராக அனுப்பியது. நான்கிலும் டோம்: ஸ்டார் டஸ்ட், ஸ்கை வியூ, டிரீம் கிளவுட், மூன் க்ளோ. இவற்றைக் கட்டியது புல்மேன் ஸ்டாண்டர்டு கம்பெனி, பட் இல்லை. பெட்டிகளின் விதியைத் தீர்மானித்தவற்றில் இதுவும் ஒன்று.

மேலே ஏறினால்

குறுகலான ஏழெட்டுப் படி. தலையைக் குனிந்து ஏறி நிமிர்ந்தால் கண்ணாடி. நடுவே ஒரு நடைவழி, இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக ஆறு வரிசை, மொத்தம் 24 இருக்கை. முன்னால் பார்த்தால் மற்றப் பெட்டிகளின் கூரைகள் வெள்ளிப் பாலம்போல நீண்டு போய் என்ஜினில் முடியும். வளைவு வரும்போது அந்தப் பாலமே வளையும். சுரங்கம் வருவது உடம்புக்கு முன்கூட்டியே தெரியும். பாறை வாய் நெற்றியை நோக்கி வருவதால் பழகாதவர்கள் குனிந்துவிடுவார்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் தூரத்தில் ஒரு பச்சை சிக்னல் தெரியும். என்ஜின் அதைத் தாண்டிய கணத்தில் பச்சை சிவப்பாக மாறும். பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தவருக்கு இதெல்லாம் கிடைக்கவே கிடைக்காது.

அந்த 24 இருக்கையையும் யாருக்கும் விற்கவில்லை. கீழே தனக்கென்று ஒரு இருக்கையோ படுக்கையோ வாங்கியவர், மனம் வந்தபோது மேலே போய் உட்காரலாம், இன்னொருவர் காத்திருந்தால் எழுந்து இடம்விடலாம். எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் பெரிய மரியாதை உண்டு. வண்டியின் மிக நல்ல இடம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. ஆனால் கணக்குப் பிள்ளையின் பேரேட்டில் அது வேறு மாதிரித் தெரியும்: எடை கூடுதல், விலை கூடுதல், பராமரிப்பு கூடுதல், விற்கும் இருக்கை மட்டும் குறைவு.

கலிபோர்னியா ஸெஃபிர் ஓடிய விதம்

1949 மார்ச் 20-ல் தொடங்கிய இந்த வண்டியை மூன்று ரயில்வேக்கள் சேர்ந்து நடத்தின: சிகாகோவிலிருந்து டென்வர் வரை பர்லிங்டன், டென்வரிலிருந்து சால்ட் லேக் சிட்டி வரை ரியோ கிராண்டே, அங்கிருந்து கடற்கரை வரை வெஸ்டர்ன் பசிபிக். தினமும் இரண்டு திசையிலும் ஓட ஆறு தொகுதி பெட்டிகள் தேவைப்பட்டன. ஒவ்வொரு ரயில்வேயும் தன் பங்குக்குச் சில பெட்டிகளை வாங்கிப் பொதுத் தொகுப்பில் சேர்த்தது. எல்லாப் பெட்டிக்கும் 'சில்வர்' என்று தொடங்கும் பெயர்.

கால அட்டவணையையே காட்சிக்காக வகுத்திருந்தார்கள். ராக்கி மலையும் சியரா நெவாடாவின் ஃபெதர் ஆற்றுப் பள்ளத்தாக்கும் பகல் வெளிச்சத்தில் வர வேண்டும். பாலைவனம் இரவில் போகட்டும். பயணம் கிட்டத்தட்ட ஐம்பது மணி நேரம். யூனியன் பசிபிக் என்ற இன்னொரு ரயில்வேயின் வழியே போனால் இதைவிடச் சீக்கிரம் போய்ச் சேரலாம். அந்தப் போட்டியில் இறங்காமல் மெதுவாகப் போவதையே இவர்கள் விற்றார்கள். உள்ளே பியர் பூர்டெல் என்ற பிரெஞ்சுக் கலைஞர் லினோலியத்தில் செதுக்கிய சுவர்ப் படங்கள். ஒவ்வொரு வண்டியிலும் 'ஸெஃபிரெட்' என்று அழைக்கப்பட்ட ஒரு பெண் ஊழியர். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பதிவு எழுதுவது, ஒலிபெருக்கியில் இடங்களைச் சொல்வது, குழந்தைக்கு அடிபட்டால் மருந்து போடுவது எல்லாம் அவர் பொறுப்பு.

கூட்டம் நன்றாகவே வந்தது. கடைசி வருடங்களிலும் கோடையில் இடம் கிடைப்பது எளிதாக இல்லை. நஷ்டம் வேறு பக்கமிருந்து வந்தது. அன்றைய சம்பள விதிப்படி என்ஜின் ஊழியர்களுக்கு 100 மைல் (சுமார் 160 கிலோமீட்டர்) ஓடினால் ஒரு நாள் சம்பளம். 4,000 கிலோமீட்டருக்கு எத்தனை முறை ஆள் மாற வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். உணவுப் பெட்டியில் சமையல்காரர்கள், பரிமாறுபவர்கள், படுக்கைப் பெட்டிக்கு ஒவ்வொரு உதவியாளர். 1950-களின் கடைசியில் ஜெட் விமானம் வந்து ஐம்பது மணி நேரத்தைச் சில மணி நேரமாக்கியது. 1956-ல் நிறைவேறிய சட்டத்தால் நாடு முழுவதும் அதிவேக நெடுஞ்சாலைகள் வரத் தொடங்கின. குளிர்காலத்தில் வண்டி காற்றாடியது.

மூன்றில் பலவீனமானது வெஸ்டர்ன் பசிபிக்தான். 1966-ல் அது தன் பகுதியை நிறுத்த அனுமதி கேட்டது. மக்கள் எதிர்த்தார்கள், மத்திய ஆணையமும் முதலில் மறுத்தது. நான்கு வருடம் இழுத்து, 1970-ல் முடிந்தது. மூன்று கால் முக்காலியில் ஒரு கால் போனால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. கூட்டுச் சொத்தாக இருந்த பெட்டிகளை அவரவர் பிரித்துக்கொண்டு போனார்கள். தேடித் தேடிப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இது: அந்த வண்டிக்கு உண்மையான மரணம் இந்தப் பாகப்பிரிவினைதான். தனித்தனிப் பெட்டிக்கு மதிப்பு குறைவு. தொகுதியாக இருக்கும்வரைதான் அது ரயில்.

ரியோ கிராண்டே மட்டும் விடவில்லை. 1971 மே 1-ல் அமெரிக்க அரசு ஆம்டிராக்கைத் தொடங்கிப் பயணிகள் வண்டிகளை எடுத்துக்கொண்டபோது, அந்த ரயில்வே சேர மறுத்து, தன் பங்குப் பெட்டிகளை வைத்து 'ரியோ கிராண்டே ஸெஃபிர்' என்ற வண்டியை வாரம் மூன்று நாள் ஓட்டியது. சில்வர் பிராங்கோ, சில்வர் கோல்ட், சில்வர் மஸ்டாங் என்ற டோம் பெட்டிகளும், கடைசியில் சில்வர் ஸ்கையும். 1983 ஏப்ரலில் யூட்டா மாநிலத்தின் திஸில் என்ற ஊரில் மாபெரும் மண்சரிவு தண்டவாளத்தையும் ஊரையுமே மூழ்கடித்த அதே மாதத்தில்தான் அந்த வண்டியும் நின்றது.

ஆம்டிராக்கின் கையில்

ஆம்டிராக்குக்குப் பல ரயில்வேக்களின் பழைய பெட்டிகள் கலவையாக வந்தன. டோம் பெட்டிகள் அவற்றில் அழகானவை, கூடவே அதிகம் தொல்லை கொடுத்தவை. பழைய பெட்டிகள் எல்லாமே என்ஜினிலிருந்து குழாயில் வரும் நீராவியால் சூடாகின. பனிக்காலத்தில் குழாய் உறையும், இணைப்பு கசியும். என்ஜினிலிருந்தே மின்சாரம் எடுத்துச் சூடும் குளிரும் கொடுக்கும் முறைக்கு ஆம்டிராக் மாறியபோது, ஒவ்வொரு பழைய பெட்டியையும் உள்ளே பிரித்துக் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. எதற்குச் செலவு செய்வது, எதை விடுவது என்று தேர்ந்தெடுத்தார்கள். 1979 முதல் வந்த இரண்டடுக்கு சூப்பர்லைனர் பெட்டிகளில் உயரமான ஜன்னல் வைத்த காட்சி அறை ஒன்று இருந்தது. அது வந்ததும் மேற்கில் டோமுக்கு வேலை குறைந்தது.

இன்னொரு அடி கண்ணாடியில் விழுந்தது. தண்டவாள ஓரத்திலிருந்து கல்லெறிவதும் சுடுவதும் அங்கே பெருகியதால், 1980-ல் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு விதி, பயணிகள் பெட்டிகளின் ஜன்னல் கண்ணாடி ஒரு துப்பாக்கிக் குண்டையும் சுமார் 11 கிலோ எடையுள்ள சிமெண்ட் கல்லின் மோதலையும் தாங்க வேண்டும் என்றது. சாதாரணப் பெட்டியில் இது சில ஜன்னல்களோடு முடியும். டோமில் கூரை முழுக்கக் கண்ணாடி. அதிலும் பல வளைந்தவை, ஒவ்வொன்றையும் அளவெடுத்து வார்க்க வேண்டும். பிளாஸ்டிக் வகையைப் போட்டால் கீறல் விழுந்து மங்கிப்போகும். காட்சிக்காகவே இருக்கிற பெட்டியில் காட்சி மங்கினால் என்ன பயன்?

உயரமும் ஒரு தடை. சாதாரணப் பெட்டியைவிட உயர்ந்து டோம் 4.8 மீட்டருக்கு வரும். நியூயார்க்கின் ஆற்றடிச் சுரங்கங்களுக்குள் அது நுழையவே முடியாது. அதனால்தான் கிழக்குக் கரையில் டோம் அபூர்வம். பால்டிமோர் அண்ட் ஒஹாயோ ரயில்வே வாஷிங்டனுக்கு டோம் ஓட்டியது. வண்டி இரவில் போவதால் கூரைமேல் பெரிய விளக்கு வைத்து இருட்டுக்குள் வெளிச்சம் பாய்ச்சினார்கள்! ஆம்டிராக்கிடம் கடைசிவரை இருந்த ஒரே டோம், 1955-ல் கிரேட் நார்தர்ன் ரயில்வேக்காகப் பிறந்த 'ஓஷன் வியூ'. இலையுதிர் காலத்தில் நியூயார்க்–மாண்ட்ரியல் வண்டியில் சேர்ப்பார்கள். நியூயார்க்குக்குள் வர முடியாததால் அல்பனியில்தான் இணைப்பார்கள். 2010-களின் முடிவோடு அதையும் ஓய்வுக்கு அனுப்பிவிட்டார்கள்.

துரு தீர்மானித்தது

இப்போது உலோகத்துக்கு வருகிறேன். பட் கம்பெனி பெட்டியின் உடம்பையே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கட்டியது. 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல்; நம் பாத்திரக்கடையில் 18/8 என்று சொல்லும் அதே கலவை. சாதாரண முறையில் பற்றவைத்தால் சூட்டில் அந்த எஃகின் துருவெதிர்ப்பு கெட்டுவிடும். அதனால் மின்சாரத்தை ஒரு நொடிக்கும் குறைவான நேரம் பாய்ச்சிப் புள்ளி புள்ளியாக ஒட்டும் முறையைக் கண்டுபிடித்து, 1934-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். பெயின்ட் தேவையில்லை. கழுவினால் போதும்.

புல்மேன் பெட்டிகள் பலவற்றில் எலும்புக்கூடு சாதாரண வகை எஃகு, மேலே ஸ்டெயின்லெஸ் தகடு போர்த்தியிருக்கும். பார்க்க ஒரே மாதிரி. ஆனால் தகட்டுக்கும் எலும்புக்கும் நடுவில் தண்ணீர் இறங்கி நிற்கும், உள்ளுக்குள் துரு தின்னும். வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே சட்டம் போயிருக்கும்.

மூன் க்ளோவின் கதையைப் பாருங்கள். 'நாளைய ரயில்' தொகுதியை 1950-ல் யூனியன் பசிபிக் வாங்கி போர்ட்லண்ட்–சியாட்டில் வழியில் ஓட்டியது. 1960-களில் அதையும் பழைய இரும்புக்குப் போட்டார்கள். மூன்று பெட்டிகள் வெட்டப்பட்டுப் போயின. மூன் க்ளோ மட்டும் ஐடஹோ மாநிலத்தின் பொகடெல்லோவில் ஒரு காயலான் கடையில் வருடக்கணக்காகக் கிடந்து, ரயில் ஆர்வலர்கள் கண்ணில் பட்டு, யூட்டாவின் ஆக்டன் நிலைய அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. நாளைய போக்குவரத்து இதுதான் என்று நாட்டுக்கே காட்டிய வண்டியில் எஞ்சியது அந்த ஒரு பெட்டிதான்.

பட் பெட்டிகள் அப்படி அழியவில்லை. சாண்டா ஃபே ரயில்வேயின், பெட்டி நீளம் முழுக்கக் கூண்டு வைத்த டோம்களில் பெரும்பாலானவற்றை, கார்களோடு பயணிகளையும் புளோரிடாவுக்கு ஏற்றிச்சென்ற ஆட்டோ டிரெயின் என்ற தனியார் கம்பெனி 1971-ல் வாங்கியது. 1981-ல் அது நொடித்துப்போக, அவை சர்க்கஸ், உல்லாச ரயில், தனியார் கை என்று பல இடம் போயின. ஸெஃபிரின் சில்வர் ஹோஸ்டல் கலிபோர்னியாவின் போர்ட்டோலா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சில்வர் சொலேரியம் தனியார் கையில் ஓடும் நிலைக்கு மீண்டது. ஆனால் ஓட ஒரு ரயில் வேண்டுமே? இப்படிப்பட்ட பெட்டிகளை ஆம்டிராக் வண்டிகளின் வாலில் கட்டணத்துக்கு இணைப்பார்கள். 2018 மார்ச்சில் ஆம்டிராக் அந்த வசதியை வெகுவாகக் குறைத்தது. கடன் வாங்கிப் பெட்டியைப் புதுப்பித்தவர்களுக்கு அது பேரிடி.

கனேடியன் தப்பிய வழி

கனேடியன் பசிபிக் 173 பெட்டிகளை ஒரே கம்பெனியிடம், ஒரே மாதிரி, எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்கியது. அவற்றில் 36 டோம்: நடுவில் வரும் ஸ்கைலைன் 18, கடைசியில் வரும் பார்க் வகை 18. பார்க் பெட்டிகளுக்குக் கனடாவின் தேசியப் பூங்காக்கள், மாகாணப் பூங்காக்களின் பெயர்கள். டோமுக்கு அடியிலுள்ள சின்ன அறையில் அந்தந்தப் பூங்காவை ஓவியமாக வரைய நாட்டின் பெயர்பெற்ற ஓவியர்களையே அழைத்திருந்தார்கள்.

ஒரே முதலாளி, ஒரே தொகுதி. 1978-ல் அரசின் வியா ரயில் எடுத்துக்கொண்டபோதும் தொகுதி கலையவில்லை. 1990 ஜனவரியில் பெரிய வெட்டு விழுந்தது. பான்ஃப், கால்கரி வழியான பழைய பாதையையே விட்டுவிட்டு, வண்டி வடக்கே ஜாஸ்பர், எட்மண்டன் வழிக்கு மாறியது. பாதையை இழந்த வலி கால்கரிக்காரர்களுக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அதே நேரத்தில் ஒரு நல்ல முடிவும் நடந்தது: புதுப் பெட்டி வாங்காமல் இந்த எவர்சில்வர் பெட்டிகளையே உள்ளே பிரித்து, நீராவிக் குழாயை எடுத்துவிட்டு மின்சாரம் இழுத்து, படுக்கைப் பெட்டிகளில் ஷவர் வைத்துத் திரும்ப அனுப்பினார்கள். அமெரிக்காவில் தனித்தனிப் பெட்டிக்கு யோசித்துத் தயங்கிய செலவு, இங்கே ஒரே மாதிரிப் பெட்டிகளுக்கு மொத்தமாகச் செய்யப்பட்டது. உதிரிப் பாகமும் பொது, வேலை தெரிந்த கைகளும் பொது.

ஓடிக்கொண்டே இருப்பதுதான் இந்தப் பெட்டிகளுக்கு மருந்து என்று நான் நம்புவது இதனால்தான். நின்ற பெட்டியின் கண்ணாடி ஓர ரப்பர்கள் காய்ந்து டோமில் மழை ஒழுகும். ஓடும் பெட்டியில் யாரோ ஒருவர் அன்றே அதைப் பார்த்து அடைப்பார்.

விஸ்டா டோம் என்ற பெயர் நம் ஊருக்கும் வந்தது. 2017 ஏப்ரலில் விசாகப்பட்டினம்–அரக்கு பாதையில் முதல் 'விஸ்டாடோம்' பெட்டி ஓடியது. பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலை 2020-ல் எல்.எச்.பி. என்ற நவீனப் பெட்டி வகையில் அதைச் செய்தது: 44 சுழலும் இருக்கை, கூரையில் கண்ணாடி. பெயர் பர்லிங்டனுடையதுதான். ஆனால் கூரைக்கு மேல் எழும் கூண்டு இதில் கிடையாது; முன்னால் போகும் பெட்டிகளின் கூரையையும் என்ஜினையும் பார்க்க முடியாது. ஜெர்மனி 1962 முதல் ரைன்கோல்ட் போன்ற வண்டிகளுக்குச் செய்த ஐந்து டோம்களில் அது இருந்தது. அந்த ஐந்தும் 1976-லேயே வழக்கமான சேவையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டன.

கனேடியனுக்கு வயது இப்போது தெரிகிறது. 2022 அக்டோபரில், பழைய பெட்டிகளின் எலும்புக்கூட்டு வலிமை பற்றிய சந்தேகத்தால், வண்டியின் முனையில் ஆளில்லாத பெட்டியைக் கட்டி ஓட்ட வேண்டியதாயிற்று. பார்க் பெட்டியின் வட்டமான பின்ஜன்னலுக்கு வெளியே தண்டவாளம் தெரிந்த இடத்தில் இன்னொரு பெட்டியின் கதவு தெரிந்தது. சில பெட்டிகளைப் பிரித்து, அழுத்திச் சோதித்தும் பார்த்தார்கள். 2024-ல் கனடா அரசு நீண்டதூர ரயில்களுக்குப் புதுப் பெட்டிகள் வாங்கப் பணம் ஒதுக்குவதாக அறிவித்தது. புதியவை வரும்போது அந்த 36-ல் எஞ்சியவை ஏலத்துக்கு ஒவ்வொன்றாகப் போகக் கூடாது. ஒரு வண்டிக்குத் தேவையான அளவாவது சேர்த்து, ஒரே பணிமனையின் பொறுப்பில், ஓடும் நிலையில் வைத்திருக்க வேண்டும். ஸெஃபிரின் பெட்டிகளைப் பிரித்துக் கொடுத்த 1970-ல் அப்படிச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. வியா ரயிலிடம் இன்று அந்த அதிகாரம் இருக்கிறது.